முதுகுவலிக்குப் பயிற்சி: தாளில் இல்லாத எடையும் அளவும்

மும்பையில் முதுகுவலி என்று எலும்பு டாக்டரைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர் கையில் வழக்கமாக மூன்று இருக்கும். வலி மாத்திரைச் சீட்டு, இடுப்பு பெல்ட், கோட்டுச் சித்திர மனிதர்கள் படுத்தும் குனிந்தும் கிடக்கிற ஒரு ஜெராக்ஸ் தாள். ஒவ்வொரு படத்துக்கும் கீழே ‘10 முறை, 2 வேளை’ என்று போட்டிருக்கும். சயானிலும் செம்பூரிலும் முலுண்டிலும் தமிழ் வீடுகளில் ஃபிரிட்ஜ் மேல் தூசி படிந்து கிடக்கும் இந்தத் தாள்களில் பயிற்சிகள் பெரும்பாலும் தப்பில்லை. எத்தனை கிலோ, எப்போது கூட்டுவது, எவ்வளவு வலித்தால் நிறுத்துவது, எத்தனை மாதம் செய்வது என்பதுதான் இருக்காது. மாத்திரையின் பெயரை எழுதி மில்லிகிராமை எழுதாமல் விட்ட சீட்டு மாதிரி.

பயிற்சி வேண்டுமா என்ற கேள்வி முடிந்துபோன கதை. உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட நாட்பட்ட இடுப்புவலி வழிகாட்டுதல், திட்டமிட்ட உடற்பயிற்சியைப் பரிந்துரைத்தது. அதே வழிகாட்டுதல் பெல்ட்டையும், இடுப்பை இழுத்துக் கட்டும் டிராக்‌ஷனையும், ‘கரன்ட் வைக்கிறது’ என்று நம்மவர்கள் சொல்வதில் ஒரு வகையான டென்ஸ் கருவியையும் வழக்கமான சிகிச்சையாகக் கொடுக்க வேண்டாம் என்றது. ஆனாலும் பத்து சிட்டிங் பேக்கேஜில் எட்டு சிட்டிங் கரன்ட்டிலும் சூட்டு ஒத்தடத்திலும் போய்விடுகிறது. கடைசி ஐந்து நிமிடத்தில் பயிற்சியைக் காட்டிக் கொடுத்து, வீட்டில் செய்யுங்கள் என்று அனுப்பிவிடுகிறார்கள். ஒத்தடம் இதமாக இருக்கும், அதில் தப்பில்லை. பலம் மட்டும் அதில் வராது.

வலி போன பிறகும் திரும்பாத தசை

முதுகெலும்பின் ஒவ்வொரு கணுவையும் அடுத்த கணுவோடு பிடித்து நிறுத்துகிற சிறு தசை ஒன்று உண்டு, மல்டிஃபிடஸ் என்று பெயர். வலி வந்தால் அந்தப் பக்கத்து மல்டிஃபிடஸ் சீக்கிரமே மெலிகிறது. ஆஸ்திரேலியாவில் ஜூலி ஹைட்ஸ் குழுவினர் முதன்முறையாக முதுகு பிடித்துக்கொண்ட 39 பேரைப் பயிற்சி செய்தவர்கள், செய்யாதவர்கள் என்று இரண்டு குழுவாகப் பிரித்து ஆராய்ந்து 1996-இல் வெளியிட்ட முடிவு இன்றும் பேசப்படுகிறது. நாலு வாரத்தில் இரண்டு குழுவிலும் ஏறக்குறைய எல்லோருக்கும் வலி போய்விட்டது. ஆனால் பயிற்சி செய்யாத குழுவில் பத்து வாரம் கழித்தும் தசை பழைய பருமனுக்கு வரவில்லை. அவர்களையே தொடர்ந்து கவனித்து 2001-இல் வெளியிட்ட கணக்கில், ஓராண்டுக்குள் மறுபடி வலி வந்தவர்கள் பயிற்சிக் குழுவில் 30 சதவீதம், மற்ற குழுவில் 84 சதவீதம். சிறிய ஆய்வுதான். ஆனாலும் ‘வருஷா வருஷம் மழைக்காலத்துல இடுப்பு பிடிச்சுக்கும்’ என்று சொல்கிறவர்களுக்கு நடப்பது என்ன என்பதை அது நன்றாகவே விளக்குகிறது. வலி போவதும் பலம் திரும்புவதும் தனித்தனிக் கணக்கு. முதலாவது தானாகவே நடந்துவிடும். இரண்டாவது பலருக்கு அப்படி நடப்பதில்லை.

அதனால்தான் மூன்றாவது வாரம் ஆபத்தான வாரம். வலி குறைந்திருக்கும், தாள் ஃபிரிட்ஜ் மேல் ஏறியிருக்கும். தசையில் நிஜமான வளர்ச்சி வர ஆறு முதல் எட்டு வாரம் பிடிக்கும். அதற்கு முன் தெரிகிற முன்னேற்றத்தில் பெரும்பங்கு, இருக்கிற தசையை நரம்புகள் இன்னும் நன்றாகப் பயன்படுத்தக் கற்றுக்கொள்வதால் வருவது.

எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட் பற்றியும் ஒரு வார்த்தை. ‘டிஸ்க் பல்ஜ்’ (கணுக்களுக்கு நடுவில் உள்ள ஜவ்வு பிதுங்குவது), ‘தேய்மானம்’ என்ற சொற்களைப் படித்ததுமே பலர் குனிவதை நிறுத்திவிடுகிறார்கள். முதுகுவலியே இல்லாதவர்களை ஸ்கேன் எடுத்துப் பார்த்த ஆய்வுகளையெல்லாம் தொகுத்து 2015-இல் வெளிவந்த கட்டுரையின்படி, வலியில்லாத 20 வயதுக்காரர்களில் 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம் தெரிந்தது, 80 வயதுக்காரர்களில் 96 சதவீதம். டிஸ்க் பிதுக்கம் 20 வயதில் 30 சதவீதம், 80 வயதில் 84 சதவீதம். தலைமுடி நரைப்பதற்கு ரிப்போர்ட் கொடுத்தால் அதிலும் ‘சீரழிவு மாற்றங்கள்’ என்றுதான் எழுத வேண்டியிருக்கும். ‘ஜவ்வு விலகிடுச்சு’ என்று கேட்டுவிட்டு வந்தவரும் அதை ஆயுள் தண்டனையாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. வெளியே பிதுங்கிய டிஸ்க் பகுதியை மாதக்கணக்கில் உடம்பே கரைத்துவிடுவது சாதாரணமாக நடக்கிறது.

யார் முதலில் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்

பயிற்சியைத் தொடங்கக் கூடாதவர்கள் கொஞ்சம் பேர்தான், ஆனால் அந்தக் கொஞ்சம் பேரைத் தவறவிடக் கூடாது. சிறுநீர் போவது தடைபட்டாலோ தெரியாமல் போனாலோ, இரண்டு தொடைக்கும் நடுவில் சைக்கிள் சீட் படுகிற இடம் மரத்துப் போனாலோ, பாதத்தைத் தூக்க முடியாமல் செருப்பு கழன்றாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி. கழுத்துவலியோடு சட்டைப் பொத்தான் போடுவது தடுமாறினால், நடை தள்ளாடினால், தண்டுவடம் அழுத்தப்படுகிறது என்று சந்தேகிக்க வேண்டும். உயரத்திலிருந்து விழுந்த பிறகு வந்த வலி, வயதானவர்களுக்குச் சின்னத் தடுக்கலில் வந்த வலி, முன்பு புற்றுநோய் இருந்தவர்களின் புது வலி ஆகியவற்றுக்கு டாக்டரும் பரிசோதனையும் முதலில்.

மும்பையில் இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். முதுகெலும்பில் வரும் டி.பி. நெருக்கமான வீடுகள் உள்ள இந்த ஊரில் இது புத்தகத்தில் மட்டும் இருக்கிற நோய் ஆகாது. சாயங்காலக் காய்ச்சல், எடை குறைவது, ராத்திரி படுத்தாலும் விடாத வலி, முதுகின் ஒரே கணுவில் தட்டினால் சுரீர் என்பது, இவை சேர்ந்தால் பயிற்சித் தாளை ஓரம் வைத்துவிட்டு டாக்டரிடம் போக வேண்டும். நாற்பது வயதுக்குள், காலையில் அரைமணி நேரத்துக்கு மேல் விறைப்பு, உட்கார்ந்தால் கூடி நடமாடினால் குறைகிற வலி என்றால் அது அழற்சி வகையாக இருக்கலாம். அதற்கு மருந்து தனி. பயிற்சி அங்கேயும் உண்டு, மருந்தோடு சேர்த்து.

முதல் இரண்டு வாரம்: அசையாமல் பிடிப்பது

படுத்தே கிடப்பது உதவாது என்பது 1986-லேயே தெரிந்துவிட்டது. திடீர் முதுகுவலிக்கு ஏழு நாள் படுக்கை சொன்னவர்களைவிட இரண்டு நாள் சொன்னவர்கள் சீக்கிரம் வேலைக்குத் திரும்பினார்கள், வலியில் வித்தியாசம் இல்லை. ஆகவே வலி உச்சத்தில் இருக்கும் ஒன்றிரண்டு நாள் வீட்டுக்குள் நடமாட்டம், பிறகு பயிற்சி.

தொடக்கத்துக்கு கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் ஸ்டூவர்ட் மெக்கில் பிரபலமாக்கிய மூன்று பிடிப்புகள் போதும். முதுகை வளைக்காமல் சுற்றியிருக்கும் தசைகளை வேலை வாங்குவது இவற்றின் நோக்கம். தரையில் ஜமக்காளம் விரிக்கிற இடம் போதும். பத்துக்குப் பத்து ரூமில், கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவிலும் நடக்கும்.

முதலாவது கர்ல்-அப். மல்லாந்து படுத்து ஒரு முழங்காலை மடக்கி, மற்றொன்றை நீட்டிக்கொள்ள வேண்டும். இரண்டு உள்ளங்கையையும் இடுப்பு வளைவுக்கு அடியில் வைக்க வேண்டும், அந்த வளைவு தரையில் நசுங்கக் கூடாது. தலையும் தோளும் ஒன்றாக, ஒரு விரற்கடை உயரம் மட்டும் எழும்பினால் போதும். உட்கார்ந்து எழுகிற பழைய சிட்-அப் ஆக இதை மாற்றிவிடுவதுதான் வழக்கமான தப்பு. கழுத்தை மட்டும் மடக்கித் தாடையை நெஞ்சில் இடிப்பது அடுத்த தப்பு.

இரண்டாவது பக்கவாட்டுப் பிடிப்பு. ஒருக்களித்து, முழங்கை தோளுக்கு நேர் கீழே, முழங்கால்கள் மடங்கியிருக்க, இடுப்பைத் தரையிலிருந்து தூக்க வேண்டும். முழங்கை தோளைவிட்டுத் தள்ளிப் போனால் தோள்தான் வலிக்கும், இடுப்புக்கு வேலை வராது. இடுப்பு பின்னால் சரிந்து உடம்பு வில்லாக மடங்குகிறதா என்று பார்க்க முதுகைச் சுவர் ஓரமாக வைத்துச் செய்யலாம். பின்புறம் சுவரில் முட்டினால் இடுப்பை முன்னால் தள்ள வேண்டும் என்று அர்த்தம். இரண்டு வாரம் கழித்து முழங்காலுக்குப் பதில் பாதத்தில் ஊன்றலாம்.

மூன்றாவதைத்தான் அதிகம் பேர் கெடுக்கிறார்கள். நாலு காலில் நின்று, எதிரெதிர்க் கையையும் காலையும் நீட்டுவது. சுலபமாகத் தெரியும், அதனால் காலை உயரத் தூக்கிக் காட்டத் தோன்றும். கால் இடுப்பைத் தாண்டி உயர்ந்த உடனே கீழ் முதுகு குழிந்துவிடும், ஓய்வு கொடுக்க வேண்டிய கணுவே மடங்கும். பாதித் தண்ணீர் ஊற்றிய டம்ளரை இடுப்பின் தட்டையான இடத்தில் வைத்துவிட்டுச் செய்து பார்த்தால் தெரியும். நன்றாகச் செய்கிறவருக்குத் தண்ணீர் லேசாக அசையும், அவ்வளவுதான். காலை மாற்றும்போது டம்ளர் கவிழ்ந்தால், இடுப்பு ஒரு பக்கம் சாய்கிறது. அப்போது கையை விட்டுவிட்டு, கால் விரல்களைத் தரையில் உரசியபடியே பின்னால் நகர்த்துவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். குதிகாலால் எதிர்ச் சுவரைத் தள்ளுகிற எண்ணத்தோடு நீட்டினால் பின்புறத் தசை சரியாகப் பிடிக்கும்.

அளவு இதுதான். ஒவ்வொரு பிடிப்பும் 10 விநாடி. முதல் சுற்றில் ஆறு முறை, அரை நிமிட ஓய்வு, அடுத்ததில் நாலு, கடைசியில் இரண்டு. பக்கம் மாறுவதற்கு இருபுறமும் தனிக் கணக்கு. தினமும் ஒருவேளை. விநாடியை வாய்விட்டு எண்ண வேண்டும், மனசுக்குள் எண்ணுகிறவர்கள் மூச்சைப் பிடித்துவிடுகிறார்கள். பலம் கூடும்போது நேரத்தை ஒரு நிமிடத்துக்கு இழுக்காமல் முறைகளைக் கூட்ட வேண்டும். சோர்ந்த தசை நிலையை விட்டுவிடும், அப்புறம் செய்வதெல்லாம் தப்பான பயிற்சிதான்.

இடுப்பால் குனிவது, பிறகு எடை

இந்த மூன்றையே ஆறு மாதம் செய்துகொண்டிருப்பவர்களும் உண்டு. வலி ஓரளவு அடங்கும், அதற்கு மேல் நகராது. காரணம் எளிது. வாழ்க்கை தூக்கச் சொல்கிற எடை அந்தப் பயிற்சியில் இல்லை. வீட்டு சிலிண்டரில் எரிவாயு மட்டும் 14.2 கிலோ, இரும்போடு சேர்த்து 30 கிலோவை ஒட்டி வரும். தண்ணீர் ஜார் 20 கிலோ. மூன்று வயதுப் பிள்ளை 14 கிலோ. படுத்துக்கொண்டு காலை நீட்டியே பழகிய முதுகு இதைத் தாங்காது என்பதில் ஆச்சரியமில்லை.

எடைக்கு முன் குனியும் விதம். மாப் கம்பு ஒன்றை முதுகோடு சேர்த்து நிமிர்த்திப் பிடிக்க வேண்டும், ஒரு கை கழுத்துக்குப் பின்னால், ஒரு கை இடுப்புக்குப் பின்னால். கம்பு பின்மண்டை, தோள்பட்டைகளின் நடு, வால் எலும்பு ஆகிய மூன்று இடத்தில் படும். சுவருக்கு முதுகு காட்டி, ஒரு சாண் தள்ளி நின்று, முழங்காலை லேசாக இளக்கி, பின்புறத்தைப் பின்னால் தள்ளிச் சுவரைத் தொட வேண்டும். தொட முடிந்தால் இன்னும் நாலு விரல் முன்னே நகர்ந்து மறுபடி. எந்த இடத்தில் கம்பு வால் எலும்பை விட்டுப் பிரிகிறதோ அங்கே இடுப்பு மூட்டின் எல்லை முடிந்து முதுகு வளையத் தொடங்குகிறது. பலருக்கு அந்த எல்லை கை முழங்காலுக்கு வந்ததுமே வந்துவிடும். பரவாயில்லை. தூக்கும் பொருளை ஸ்டூல் மேல் வைத்தால் போச்சு. தரை வரை போக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. தொடையின் பின்பக்கம் இழுக்கிற உணர்வு வந்தால் சரியாகச் செய்கிறார் என்று பொருள். இழுப்பு இடுப்பில் வந்தால் முழங்காலை இன்னும் கொஞ்சம் இளக்க வேண்டும்.

எடைக்கு ஜிம் வேண்டியதில்லை. ஐந்து லிட்டர் கேன் நிறையத் தண்ணீர் ஊற்றினால் ஐந்து கிலோ, கையிலேயே தராசு இருக்கிறது. இரண்டு கேனில் மூன்று மூன்று லிட்டர் என்று ஆறு கிலோவில் தொடங்கலாம். 20 லிட்டர் ஜாரைப் பாதி நிரப்பித் தூக்க வேண்டாம். உள்ளே தண்ணீர் அலைந்து எடை சட்டென்று ஒரு பக்கம் ஓடும். அதற்கு மேல் போகும்போது பழைய ஸ்கூல் பையில் அரிசிப் பாக்கெட்டுகளை இறுக்கி அடுக்குவது நல்லது. இப்படி இடுப்பால் குனிந்து எடையைத் தூக்கி நிமிர்வது எட்டு முறை, மூன்று சுற்று, சுற்றுக்கு நடுவில் இரண்டு நிமிடம். வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாள், அடுத்தடுத்த நாளில் வேண்டாம். சுற்று முடியும்போது இன்னும் இரண்டு முறை முடியும் என்கிற அளவில் எடை இருக்க வேண்டும். இன்னும் பத்து முடியும் என்று தோன்றினால் அது பலம் சேர்க்கிற எடையே இல்லை. மூன்று சுற்றிலும் பத்துப் பத்து முறை, இரண்டு நாள் தொடர்ந்து வந்துவிட்டால் ஒன்றிரண்டு கிலோ கூட்டலாம். இப்படி மெதுவாகப் போனாலும் மூன்று மாதத்தில் 20 கிலோ பக்கம் வந்துவிடலாம்.

இதோடு இரண்டைச் சேர்த்தால் போதும். படியில் ஒற்றைக் காலால் ஏறி மெதுவாக இறங்குவது, பக்கத்துக்கு எட்டு. ஒரு கையைக் கட்டிலில் ஊன்றி, மறு கையால் பையை இடுப்புக்கு இழுப்பது, பக்கத்துக்குப் பத்து. தரையில் படுத்து இடுப்பைத் தூக்கும் பிரிட்ஜ் எல்லாத் தாளிலும் இருக்கிறது, எல்லோருக்கும் தெரியும், இங்கே விவரிக்க அவசியமில்லை.

வலிக்கும்போது என்ன செய்வது? பூஜ்யத்திலிருந்து பத்து வரை வலியை அளந்தால், மூன்று அல்லது நாலு வரை இருக்கும்போது தொடரலாம், மறுநாள் அதே நேரத்துக்குள் பழைய நிலைக்கு இறங்கிவிட வேண்டும். இறங்காவிட்டால் அடுத்த தடவை எடையில் மூன்றில் ஒரு பங்கைக் குறைக்க வேண்டும், பயிற்சியைக் கைவிட வேண்டாம். காலுக்கு இறங்கும் நரம்பு வலி இருப்பவர்கள் வலி எங்கே இருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். கெண்டைக்காலில் இருந்தது தொடைக்கு ஏறி, தொடையில் இருந்தது இடுப்பில் ஒடுங்கினால் நல்ல குறி, இடுப்பில் கொஞ்சம் கூடினாலும் கவலை இல்லை. இடுப்பு லேசாகி, பாதத்துக்கு வலியோ மரப்போ புதிதாக இறங்கினால் அந்தப் பயிற்சி அன்றைக்கு நிறுத்தம்.

தண்ணீர் வரும் நேரம்

ராத்திரி படுத்திருக்கும்போது டிஸ்குகள் நீரை உறிஞ்சி உப்புகின்றன. எழுந்த முதல் ஒரு மணி நேரத்தில் முதுகு குனிவதற்கு அதிகம் எதிர்ப்புக் காட்டும், டிஸ்க் மேல் விழும் அழுத்தமும் கூடுதல். காலையில் குனிவதைக் குறைத்தாலே நாட்பட்ட வலி குறைகிறது என்று 1998-இல் ஓர் ஆய்வு காட்டியது. மும்பையில் சால் எனப்படும் வரிசை வீடுகளில் குழாயில் தண்ணீர் வருவதோ பல இடங்களில் விடியற்காலை. கண் விழித்ததும் முதல் வேலை, டிரம்மும் வாளியும் நிரப்புவது. முதுகுக்கு ஆகாத நேரத்தில் முதுகுக்கு ஆகாத வேலை.

தண்ணீர் நேரத்தை மாற்ற முடியாது. ஐந்து நிமிடம் முன்னதாக எழுந்து சந்தில் ஒரு நடை நடக்கலாம். முழு வாளி ஒன்றுக்குப் பதில் இரண்டு கையிலும் அரை வாளி தூக்கலாம். ஒரு மீட்டர் டியூப் வாங்கிக் குழாயிலிருந்து டிரம்முக்கு விட்டால் தூக்குகிற வேலையே பாதி போய்விடும். பயிற்சியைக் காலை எழுந்ததும் செய்யாமல் சாயங்காலம் வைத்துக்கொள்வதும் இதே காரணத்துக்காகத்தான்.

தாராவியில் இட்லி வியாபாரம் செய்கிறவர்கள் போன்றவர்களுக்கு அதிகாலையிலேயே மாவு வாளி, அடுக்குப் பாத்திரம், சைக்கிள் கேரியர் என்று எடை தூக்கித் தீர்ந்துவிடும். ‘நாள் பூரா தூக்குறவனுக்கு எதுக்கு எக்சர்சைஸ்’ என்ற கேள்வி நியாயமானது. பதில், அவர்களுடைய வேலை சுமையைக் கொடுக்கிறது, ஓய்வையும் ஏற்றத்தையும் கொடுப்பதில்லை. 20 கிலோ வாளியைத் தினம் முப்பது தடவை தூக்குகிறவருடைய உச்ச பலம் 30 கிலோ என்றால் ஒவ்வொரு தூக்கும் மூன்றில் இரண்டு பங்கு முயற்சி. உச்சத்தை 50-க்கு ஏற்றிவிட்டால் அதே வாளி பாதிக்கும் குறைவு. அதனால் இவர்களுக்குத் தினப் பயிற்சி வேண்டாம். வாரத்தில் இரண்டு நாள், வேலையில் தூக்குவதைவிடக் கனமாக, ஐந்தாறு முறை மட்டும், நன்றாக ஓய்வெடுத்து. தையல் மிஷினில் பத்து மணி நேரம் குனிந்திருப்பவருக்கு நேர்மாறு, அவர் உடம்பில் சுமையே ஏறுவதில்லை. அவர் மேலே சொன்ன ஆறு கிலோவில் தொடங்கலாம்.

கழுத்து

தலையைக் குனிந்து போன் பார்த்தால் கழுத்தில் 27 கிலோ ஏறுகிறது என்ற படம் வாட்ஸ்அப்பில் வராத குடும்பமே இல்லை. அது 2014-இல் ஒரு அறுவை மருத்துவர் கணினி மாதிரியில் போட்ட கணக்கு. 60 டிகிரி குனிந்தால் கழுத்து தாங்க வேண்டிய விசை அது. அதனால் வலி வரும் என்று அந்தக் கணக்கு நிரூபிக்கவில்லை. கழுத்து குனியவே படைக்கப்பட்டது. ஒரே நிலையில் ஒரு மணி நேரம் இருப்பதற்கு அதற்குப் பலம் போதவில்லை என்பதுதான் பிரச்சினை.

பலம் கூட்டினால் என்ன ஆகும் என்பதற்கு நல்ல சான்று ஃபின்லாந்திலிருந்து வந்தது. நாட்பட்ட கழுத்துவலி உள்ள 180 அலுவலகப் பெண்களை மூன்றாகப் பிரித்து ஓராண்டு பார்த்து, 2003-இல் வெளியிட்டார்கள். ரப்பர் பட்டை கட்டிக் கழுத்துக்கு எடைப் பயிற்சி கொடுத்த குழுவும், இலேசான எடையில் தாங்குதிறன் பயிற்சி செய்த குழுவும் நன்றாகத் தேறின. கழுத்தை நீட்டி இழுக்கும் ஸ்ட்ரெச்சிங்கும் நடை ஓட்டமும் மட்டும் சொல்லப்பட்ட குழு பின்தங்கியது. நம் ஊரில் கழுத்துவலிக்கு முதலில் சொல்லப்படுவது இன்னும் அந்த மூன்றாவது குழுவின் பயிற்சிதான்! டென்மார்க்கில் 2011-இல் 198 பேரிடம் நடந்த இன்னோர் ஆய்வு இன்னும் சௌகரியமானது. ரப்பர் டியூப்பைக் காலால் மிதித்து, இரண்டு கையையும் பக்கவாட்டில் தோள் உயரத்துக்குத் தூக்கும் ஒரே பயிற்சி. வாரத்துக்கு ஐந்து நாள், பத்து வாரம். தினம் 12 நிமிடம் செய்தவர்களுக்கு மட்டுமல்ல, 2 நிமிடம் செய்தவர்களுக்கும் வலி குறைந்தது.

ஆக, ஆரம்பம் அந்த 2 நிமிடம்தான். கை தோளைத் தாண்டி உயர வேண்டாம், கட்டைவிரல் லேசாக முன்னால் சாய்ந்திருக்கட்டும், கைகள் உடம்புக்கு நேர் பக்கமாக இல்லாமல் சற்று முன்னால் வரட்டும். தோள்கள் காதை நோக்கி ஏறினால் டியூப் கடினம், லேசானதை வாங்க வேண்டும். அதே டியூப்பை ஜன்னல் கிரில்லில் நெஞ்சு உயரத்தில் சுற்றி, முழங்கைகளை விலாவோடு பின்னால் இழுப்பதை 12 முறை சேர்க்கலாம். கிரில் துருப்பிடித்திருந்தால் முதலில் ஆட்டிப் பார்ப்பது நல்லது, டியூப்பில் வெடிப்பு இருக்கிறதா என்றும்.

கழுத்தின் முன்பக்கம் ஆழத்தில் உள்ள தசைகளுக்குத் தனிப் பயிற்சி. மல்லாந்து படுத்து, தலைக்கு அடியில் மடித்த துண்டு. ‘ஆமா’ என்று மெதுவாகத் தலையாட்டுவது போலத் தாடையை ஒரு சிறு அளவு கீழே இறக்கி 10 விநாடி பிடிக்க வேண்டும், பத்து முறை. தலை தரையை விட்டு எழும்பக் கூடாது. இரண்டு விரலைக் கழுத்தின் முன்பக்கம், காதிலிருந்து காறை எலும்புக்கு வரும் தடித்த தசை மேல் வைத்துப் பார்த்தால், சரியாகச் செய்யும்போது அது மெத்தென்றே இருக்கும். கயிறுபோல் விறைத்தால் அளவுக்கு மீறி அழுத்துகிறார். ஆறு வாரத்தில், அதே தாடை நிலையோடு தலையை இரண்டு விரல் உயரம் தூக்கிப் பிடிக்கலாம். தாடை எகிறாமல் அரை நிமிடம் நிறுத்த முடிந்தால் நல்ல நிலை. பக்கவாட்டுக்கும் பின்னுக்கும், உள்ளங்கையைத் தலையில் வைத்து, தலை நகராதபடி எதிர்த்துத் தள்ளுவது போதும். பாதி பலம் போட்டால் போதும்.

செய்யக் கூடாதது ஒன்று உண்டு. சலூனில் தலை மசாஜ் முடித்து, தாடையைப் பிடித்து வெடுக்கென்று திருப்பி நெட்டி முறிப்பது. அந்தச் சத்தம் சுகமாக இருக்கலாம், பலனும் அந்தச் சுகத்தோடு சரி. அரிதாக, கழுத்து வழியே மூளைக்குப் போகும் ரத்தக் குழாயின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. கழுத்துவலிக்காரர்கள் யூடியூப் பார்த்துச் சிரசாசனம் செய்வதும் வேண்டாத விஷப்பரீட்சை.

எங்கே நேரம்

அம்பர்நாத்திலிருந்தும் கல்யாணிலிருந்தும் ஏழு மணி லோக்கலைப் பிடித்து ராத்திரி ஒன்பதுக்கு வீடு திரும்புகிறவரிடம் தினம் 45 நிமிடம் பயிற்சி என்று சொல்வது ஏட்டுச் சுரைக்காய். நடக்கக்கூடிய திட்டம் இப்படி இருக்கும். ஞாயிறும் புதனும் எடை, 25 நிமிடம். மற்ற நாள்களில் 2 நிமிட டியூப்பும், முடிந்தால் மூன்று பிடிப்பும். நடையை ஸ்டேஷனிலிருந்து எடுத்துக்கொள்ளலாம், ஷேர் ஆட்டோவை ஒரு பக்கமாவது விட்டுவிட்டு. 701 பேரைக் கொண்டு ஆஸ்திரேலியாவில் நடத்தி 2024-இல் வெளிவந்த ஆய்வில், முதுகுவலியிலிருந்து தேறியவர்களைப் படிப்படியாக, வாரத்தில் ஐந்து நாள், தினம் அரைமணி நடக்கவைத்தார்கள். மறுபடி வலி வருவதற்கான இடைக்காலம் நடக்காதவர்களுக்கு 112 நாளாக இருந்தது, நடந்தவர்களுக்கு 208 நாள் ஆனது. ஸ்டேஷன் மேம்பாலப் படிகள் இலவச கால் பயிற்சி. எஸ்கலேட்டர் வந்த ஸ்டேஷன்களில் பக்கத்துப் படி காலியாகவே கிடக்கிறது.

வண்டியில் நின்றுகொண்டு போகிறவர்கள் பையை மார்பில் மாட்டுவது மும்பை வழக்கம். பிக்பாக்கெட்டுக்காக வந்த வழக்கம், கனமான லேப்டாப் பையானால் கழுத்தை முன்னால் இழுக்கும். ராக் எட்டினால் மேலே போடுவது, எட்டாவிட்டால் இரண்டு காலுக்கும் நடுவில் வைப்பது நல்லது.

வழிகாட்ட ஆள் வேண்டுமென்றால், சயான் ஆஸ்பத்திரியிலும் பரேல் கே.இ.எம்.-மிலும் பிசியோதெரபிப் பிரிவு உண்டு. ஹாஜி அலியில் 1955-இல் தொடங்கிய மத்திய அரசின் உடலியல் மருத்துவ, மறுவாழ்வு நிறுவனம் இருக்கிறது. எங்கே போனாலும் கேட்க வேண்டிய கேள்விகள்: எத்தனை கிலோவில் தொடங்குவது, எப்போது கூட்டுவது, இந்தப் பயிற்சியை எப்போது நிறுத்தி அடுத்ததுக்குப் போவது. பதிலைத் தாளிலேயே எழுதி வாங்கிக்கொள்ளலாம்.

நடுவில் ஒரு முறையாவது வலி மறுபடி வரும், அநேகமாக நன்றாக இருந்த நாளில் ஆசைப்பட்டு இரண்டு மடங்கு தூக்கியதற்கு மறுநாள். அப்போது முதல் இரண்டு நாள் எடை வேண்டாம், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை ஐந்து நிமிட நடை. மூன்றாம் நாள் பிடிப்புகள். ஐந்தாம் நாள், கடைசியாகத் தூக்கிய எடையில் பாதி. அங்கிருந்து பழைய எடைக்கு வர அநேகமாக இரண்டு வாரம் போதும், முதல் தடவை பிடித்த மூன்று மாதம் மறுபடி பிடிக்காது. பன்னிரண்டு வாரம் தாண்டிய பிறகு, சேர்த்த பலத்தைக் காப்பாற்ற வாரத்தில் ஒரு நாள் போதும், அந்த ஒரு நாளில் எடையைக் குறைக்காமல் இருந்தால்.